பெஸ் என்ன தின்றது

யார்க்,
7 அக்டோபர் 1984

அன்புள்ள டெரக் அண்ணா,

நெட்டைக் கொன்றது நீதான்.

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று தெரியும். நான் நலம். நீ, அண்ணி, ட்ரேசி மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் செத்துப்போன நெட்டை, முயல் வளைக்குள் நீ விடுகிற அந்தக் கீரி மாதிரியான ஃபெரட்டை, பிஸ்கட் டப்பாவில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு டர்ஹமிலிருந்து ரயிலில் வந்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "உள்ள கேக்காம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான் கூண்டு கழுவும் மிருக ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹார்க்னஸ் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நெட்டை அறுத்துப் பார்த்தார். ஈரல் வெளுத்திருந்தது. முதுகுத்தண்டின் மேல் சதையே இல்லை. குடல் முழுக்கப் புளித்த ரொட்டி. "வயிறு ரொம்பித்தான் இருக்கு, ஆனா பட்டினியில செத்திருக்கு. என்ன போட்டாங்க?" என்றார். பாலும் ரொட்டியும் என்றேன்.

அவர் சொன்னதை எழுதுகிறேன். புல்லையும் தானியத்தையும் ஊறவைத்துக் கரைப்பதற்கு முயலுக்குக் குடலில் ஒரு பை இருக்கிறது. ஃபெரட்டுக்கு அது இல்லை. அதன் குடலும் குட்டை. வாயில் போட்டது மூன்று நான்கு மணி நேரத்தில் பின்னால் வந்துவிடும். அதற்குள் ரொட்டியிலிருந்து அது எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. பால் வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும். அதற்கு வேண்டியது இறைச்சி, கொழுப்பு, எலும்பு, தோல். அதுவும் அடிக்கடி.

அப்பாவும் பாலும் ரொட்டியும்தான் போட்டார், ரத்தம் காட்டினால் கையைக் கடிக்கும் என்று நீ சொல்வாய். ஊரே அப்படித்தான் நம்புகிறது. அப்பாவின் ஃபெரட் எதுவும் மூன்று வயதைப் பார்த்ததில்லை. அதை யாரும் யோசித்ததில்லை.

இப்போது பெஸ் மட்டும்தான் மிச்சம். இந்த ஏழு மாதச் சுரங்க ஸ்ட்ரைக்கில் உங்கள் சட்டியில் விழுந்த இறைச்சியெல்லாம் பெஸ் வளைக்குள் புகுந்து உன் வலைக்கு விரட்டிய முயல்தான். அதுவும் போய்விட்டால் நீ எத்தனை வாரம் தாங்குவாய்? அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கு இறைச்சி போடு.

உன் தங்கை,
மேரியன்


ஆல்டர்லா,
16 அக்டோபர்

அன்பு மேரியன்,

நாங்கள் நலம். நீயும் உன் டாக்டரும் நலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்களைத் திட்ட ஆளிருக்காது.

சாப்பிடும்போது உன் கடிதத்தை ஜாய்ஸுக்கு வாசித்துக் காட்டியது தப்பாகப் போயிற்று. "ஃபெரட்டுக்கு ஈரலு, என் பொண்ணுக்கு மார்ஜரின் தடவுன ரொட்டியா? உன் தங்கச்சிய வந்து ட்ரேசி மூஞ்சப் பாத்து இதச் சொல்லச் சொல்லு" என்றாள்.

"முயல யாருடி புடிக்கிறா?" என்றேன்.

"அப்ப அதையே கூப்பிட்டு மேசைல உக்கார வை. துண்டும் கட்டிவிடு."

ட்ரேசி சிரித்துவிட்டாள். அவளுக்கு ஏழு வயது முடிந்ததும் இரண்டு பல் விழுந்துவிட்டது. அதோடு சிரிப்பது வேடிக்கையாக இருக்கிறது.

வில்ஃப் டுலிப்பிடமும் சொன்னேன். உனக்கே தெரியும், குழிக்குள் பன்னிரண்டு வருடம் என் பக்கத்தில் மண்டி போட்டு நிலக்கரி வெட்டியவன். முயலுக்குப் போனாலும் நான் பெஸ்ஸை விடுவேன், அவன் வலை போடுவான். இப்போது சுரங்க வாசலில் மறியலுக்கு அவன்தான் தலைவன். "ரத்தம் காட்டிட்டீன்னா அப்புறம் தெனமும் விரல எண்ணிப் பாத்துக்க வேண்டியதுதான். யார்க் போனவளுக்கு என்னடா தெரியும்?" என்றான். மறுநாள் எங்கள் கொல்லைச் சுவருக்கு மேலாக மூன்று முயல் தலைகள் வந்து விழுந்தன. "இந்தா, உன் தங்கச்சி எழுதிக் குடுத்த மருந்து" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல்.

இனி தலையும் காலும் தோலும் பெஸ்ஸுக்கு, மிச்சம் எங்களுக்கு. பயப்படாதே. நான் சங்கத்தை விட்டு வேலைக்குப் போகிறவன் இல்லை. உனக்குத் தெரியும்.

அண்ணன்,
டெரக்


யார்க்,
29 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

நலம், நலமே கேட்க ஆவல். வில்ஃபுக்கு என் வணக்கத்தைச் சொல். என்னைக் கிண்டல் செய்ததற்காக ஒரு குட்டும் வை.

தலையைத் தோலோடு அப்படியே போடு. மூளை, கண், நாக்கு எல்லாமே அதற்கு நல்லது. நுரையீரலையும் இதயத்தையும் சேர்த்துக்கொள். ஈரல் மட்டுமே போடாதே. வயிறு காலியாக நெடுநேரம் விடாதே. பின்னங்கால் தள்ளாடினாலோ, வாயை முன்னங்காலால் பிறாண்டினாலோ, எதையும் பார்க்காமல் வெறித்தாலோ உடனே எழுது.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன். நசுங்கிய பூனை உணவு டின்கள், ஐந்து. டாக்டரே எடுத்துக்கொள்ளச் சொன்னார். முயல் கிடைக்காத நாளில் கொடு. ஒரு டின் அதற்கு நான்கு நாள் வரும்.

பெஸ் என்ன தின்கிறது என்று எழுது. நீங்கள் மூவரும் என்ன தின்கிறீர்கள் என்றும் எழுது.

மேரியன்


ஆல்டர்லா,
21 நவம்பர்

அன்பு மேரியன்,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

பெஸ் நன்றாக இருக்கிறது. மயிர் அடர்ந்து வருகிறது. கடிக்கவில்லை; வில்ஃபுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் முயல் குறைந்துவிட்டது. ஊரில் வலை வைத்திருப்பவன் எல்லாம் அதே மேட்டைத்தான் சுற்றுகிறான். பண்ணைக்காரன் துப்பாக்கியோடு ஆள் போட்டிருக்கிறான். போன வாரம் இரண்டு கிடைத்தன, இந்த வாரம் ஒன்றுமில்லை. டின்கள் வந்த வாரமே தீர்ந்துவிட்டன. இப்போது மறுபடி கொஞ்சம் பாலும் ரொட்டியும். திட்டாதே.

எங்கள் ஊரிலிருந்து முதல் ஆள் ஸ்ட்ரைக்கை உடைத்துச் சுரங்க வேலைக்கு உள்ளே போய்விட்டான். மேல் தெரு ஹாரி பெல். ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்த பஸ், முன்னும் பின்னும் போலீஸ். அந்த ஒருவனுக்காக இருநூறு போலீஸ்காரன். அவன் தலையைக் குனிந்து முழங்காலுக்குள் வைத்திருந்தான். நாங்கள் கத்தினோம். நானும் கத்தினேன், தொண்டை கட்டும்வரை. அன்று சாயங்காலம் அவன் வீட்டுச் சுவரில் வெள்ளை பெயின்டில் கருங்காலி என்று எழுதியிருந்தது. அவன் மனைவி துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. ஜாய்ஸும் பேசாமல் தாண்டிப்போனாள், அவர்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

வில்ஃப் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "ஹாரி செத்தாலும் சவப்பெட்டி தூக்க ஆள் வராதுடா. அவன் பேரனுக்குக்கூட இந்தப் பேரு போகாது."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பரவாயில்லை.

டெரக்


யார்க்,
2 டிசம்பர்

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் நீ நலம் என்று எழுதுகிறாய். அதனால் வேறு மாதிரி கேட்கிறேன்.

பெஸ் முக்கால் கிலோ எடை. ஐந்து டின்னும் அதற்கு இருபது நாள் வந்திருக்க வேண்டும். வந்த வாரமே தீர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். முக்கால் கிலோ மிருகம் ஒரு வாரத்தில் இரண்டு கிலோ இறைச்சி தின்ன முடியாது அண்ணா. நான் தினமும் இதைத்தான் நிறுத்துப் போடுகிறேன்.

அந்த டின்களை யார் தின்றது?

கேட்டதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே வாரா வாரம் ஒரு சீமாட்டி தன் நாய்க்குட்டி பசியில்லாமல் இருக்கிறது என்று காரில் கொண்டுவருகிறாள். அதற்குக் கோழியின் மார்புத் துண்டு வேகவைத்து ஊட்டுகிறோம். மிஞ்சியதைக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். நான் போடுவதில்லை, என் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் மாட்டிக்கொள்வேன். இன்னொரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், இந்த முறை மனிதர் தின்பது.

ஹாரி பெல்மேல் எனக்கு இரக்கமில்லை. அவன் வயிறு மட்டும்தானா ஊரில் வயிறு?

மேரியன்


ஆல்டர்லா,
19 டிசம்பர்

மேரியன்,

நலம் விசாரிக்க நேரமில்லை. இன்று மேட்டில் பெஸ்ஸை விட்டேன். உள்ளே போனது, வெகுநேரம் வரவில்லை. வில்ஃப் தரையில் காதை வைத்துக் கேட்டு, தோண்டி எடுத்தோம். பின்னங்கால் இரண்டும் இழுக்கிறது. வாயைப் பிறாண்டுகிறது. எச்சில் வடிகிறது. கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை.

நான்கு நாளாக ரொட்டிதான் போட்டேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

என்ன செய்ய வேண்டும்? உடனே எழுது.

டெரக்


யார்க்,
20 டிசம்பர்

அண்ணா,

ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. தேனோ சர்க்கரைப் பாகோ விரலில் தொட்டு ஈறில் தடவு. வாய்க்குள் ஊற்றாதே, மூச்சில் ஏறும். தலையைத் தூக்கியதும் இறைச்சி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரையே மறுபடி அதைக் கீழே தள்ளும். முட்டையின் மஞ்சள், இறைச்சி வேகவைத்த சாறு, மசித்த இறைச்சி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. அடுப்படியில் பெட்டியில் வைத்துக்கொள். ரொட்டியை இனி அதன் கண்ணில் காட்டாதே.

இறைச்சி எங்கிருந்து என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. எங்கிருந்தாவது. யாரிடமாவது கேள். இறைச்சி இல்லாமல் அது பிழைக்காது.

அது பிழைக்காவிட்டால் நீ என்ன செய்வாய் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பார், அடித்தது தெரிகிறது.

கிறிஸ்துமஸுக்கு எனக்கு லீவு இல்லை. அண்ணிக்கும் ட்ரேசிக்கும் என் முத்தம்.

மேரியன்


ஆல்டர்லா,
15 ஜனவரி 1985

அன்பு மேரியன்,

நாங்கள் மிக நலம். புத்தாண்டு வாழ்த்துகள்.

உனக்கு சந்தோஷச் செய்தி. பெஸ் பிழைத்துக்கொண்டது. நீ சொன்னபடியே செய்தேன். இப்போது தினமும் மாட்டுக் கொத்துக்கறி, இரண்டு நாளுக்கொருமுறை ஆட்டு இதயம், வாரத்தில் இரண்டு முட்டை மஞ்சள், கடித்து விளையாடக் கோழிக் கழுத்து. கழிவு கருத்துக் கெட்டியாக இருக்கிறது, நீ கேட்பாய் என்றே சொல்கிறேன். துள்ளுகிறது. மயிரைப் பார்த்தால் பணக்காரி மாதிரி இருக்கிறது. ட்ரேசியும் நன்றாகச் சாப்பிடுகிறாள்.

வேட்டைக்குப் போவதில்லை. பனி அதிகம்.

ஒரு சின்ன விஷயம். முன்கதவில் தபால் போடும் துளையைப் பலகை வைத்து அடைத்திருக்கிறேன், குளிர்காற்று வருகிறது. இனி கடிதத்தைத் தபால் ஆபீஸுக்கே என் பெயரில் அனுப்பு. நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
டெரக்


யார்க்,
19 ஜனவரி

அன்புள்ள அண்ணா,

நான் நலமாக இல்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாட்டுக் கொத்துக்கறி. ஆட்டு இதயம். ஜனவரி மாதத்தில், பத்து மாதமாகச் சம்பளம் இல்லாத ஊரில். வில்ஃபின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அவன் பெயர் இல்லாமல் நீ எனக்குக் கடிதம் எழுதியதே இல்லை.

கதவுத் துளை வழியாக என்ன வந்தது? காற்று மட்டும் வந்ததாக என்னை நம்பச் சொல்லாதே.

ஹாரி பெல்லைப் பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்கினால் நான் பொய்க்காரி. வாங்காவிட்டால் உன்னையும் சேர்த்துத்தான் சொன்னதாகிறது. இறைச்சி கொடு, எங்கிருந்தாவது கொடு என்று எழுதியதும் நான்தான். கோட்டுப் பையில் கோழித் துண்டு வைத்துக்கொண்டு, யார்க்கில் உட்கார்ந்து, அதை எழுதினேன்.

உன்னை நான் திட்டப்போவதில்லை. உன்மேல் கோபம் இல்லை என்றும் சொல்லப்போவதில்லை. ஒருவனைப் பட்டினி போட்டு, அவன் பிள்ளையைப் பட்டினி போட்டு, அவனாகவே வந்து கம்பி வலைக்குள் உட்காரும்வரை காத்திருந்தார்களே அரசாங்கத்தில் இருப்பவர்கள், அவர்கள்மேல்தான் என் வயிறு எரிகிறது.

பஸ்ஸில் நீ தலையைக் குனிந்துகொள்கிறாயா?

மேரியன்


ஆல்டர்லா,
5 பிப்ரவரி, செவ்வாய்

அன்புள்ள மேரியன்,

நலமா? நான் உனக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல்முறை. டெரக்குக்குத் தெரியாது. நாளைக் காலை ரயிலில் பெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும். நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

அந்த டின்களை நாங்கள்தான் தின்றோம். வெங்காயம் போட்டு வதக்கினேன். முயல் கறி என்று சொல்லித்தான் டெரக்குக்கும் போட்டேன். ட்ரேசி இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றாள்.

ஜனவரி ஏழாம் தேதி டெரக் வேலைக்கு உள்ளே போனார். பஸ் தெருமுனையில் நின்றது. சுரங்க வாசலில் வில்ஃப் நின்றிருந்தாராம். எல்லாரும் கத்த, அவர் மட்டும் கத்தவில்லை. ஜன்னல் பக்கத்தில் வந்து, "ஃபெரட்டு நல்லா இருக்கா டெரக்கு?" என்று மட்டும் கேட்டாராம். அன்றிலிருந்து டெரக்குக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. கதவுத் துளை வழியாக நாய்ப் பீ போட்டார்கள். ஒரு நாள் எரிகிற கந்தல். கொல்லையில் காயப்போட்ட இவரது சுரங்க வேலைச் சட்டையை யாரோ கத்தரித்துவிட்டார்கள். பள்ளியில் ட்ரேசியின் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. "அம்மா, எனக்கு ஏதாச்சும் நோயா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பெஸ் எதுவும் தின்னவில்லை. கழிவு வரவில்லை. வாந்தி எடுக்கப் பார்க்கிறது. வயிற்றைத் தொட்டால் உள்ளே கூழாங்கல் மாதிரி கெட்டியாக ஏதோ இருக்கிறது. வில்ஃப் கொட்டகைக்குள் வந்து எதையோ போட்டுவிட்டார் என்கிறார் டெரக். "அவன் கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். ஃபெரட்டு நல்லா இருக்கான்னு எதுக்குக் கேட்டான்? இது செத்துச்சுன்னா அவன நான் விட மாட்டேன்டி" என்கிறார். முயல் வளை தோண்டும் நீள மண்வெட்டியை எடுத்து வந்து முன்கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார்.

மேரியன், அது செத்துவிடக் கூடாது. எனக்கு அந்தப் பிராணியைப் பிடிக்காது, ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் அது செத்துவிடக் கூடாது.

ஜாய்ஸ்


யார்க்,
7 பிப்ரவரி

டெரக் அண்ணா,

முதல் வரியிலேயே சொல்கிறேன், மிச்சத்தைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. வில்ஃப் எதையும் செய்யவில்லை. பெஸ் உயிரோடு இருக்கிறது.

நேற்று மதியம் டாக்டர் வயிற்றைத் திறந்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். குடலை அடைத்துக்கொண்டு மூன்று துண்டு கறுப்பு ரப்பர். ஒன்றில் வரிவரியாகக் கோடு. கழுவி அண்ணியிடம் காட்டினேன். "இது அவரோட முட்டிப் பட்டையில்ல?" என்றாள். குழியில் மண்டியிட நீ முழங்காலில் கட்டுகிற பட்டைதான். சட்டையைக் கத்தரித்த பிறகு, யார் கண்ணிலும் படக்கூடாது என்று உன் வேலைச் சாமான்களையெல்லாம் பெஸ் கூண்டின் வைக்கோலுக்கு அடியில் ஒளித்துவைத்தாயாமே. அண்ணி சொன்னாள்.

ஃபெரட்டுக்கு ரப்பர் என்றால் உயிர். மென்று விழுங்கிவிடும். அதன் குடல் இறைச்சிக்கும் எலும்புக்கும் ஆனது, ரப்பரை ஒன்றும் செய்ய முடியாது. இங்கே மாதம் ஒன்று இப்படி வருகிறது. யாரும் விஷம் வைக்கவில்லை. யாரும் கொட்டகைக்குள் வரவில்லை. ஒருவேளை வில்ஃப் நிஜமாகவே அது நல்லா இருக்கா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பான். அதைத் தோண்டி எடுத்தவன் அவனும்தானே.

அண்ணி இன்று மாலை ரயிலில் திரும்புகிறாள், எல்லாவற்றையும் நேரில் சொல்வாள். பெஸ் இங்கேயே பத்து நாள் இருக்கட்டும். மண்வெட்டியைக் கொட்டகையில் கொண்டுபோய் வை.

மேரியன்


யார்க்,
13 பிப்ரவரி

அண்ணா,

ஏழாம் தேதி எழுதியதற்குப் பதில் இல்லை. அதை நீ தபால் ஆபீஸில் போய் வாங்கினாயா என்பதும் தெரியவில்லை. அங்கே உனக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் யார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

வீடு போய்ச் சேர்ந்ததும் தெருமுனை பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வதாக அண்ணி சொன்னாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் போனுக்குப் பக்கத்திலேயே கூண்டு கழுவினேன். நேற்றும் அப்படித்தான். ஒவ்வொரு முறை மணி அடித்ததும் எடுத்தேன். எல்லாம் பூனைக்காரர்கள்.

திங்கட்கிழமை ரேடியோவில் சொன்னார்கள். டர்ஹம் மாவட்டத்துச் சுரங்க ஊர் ஒன்றில், போன வியாழக்கிழமை பிற்பகல், இரண்டு தொழிலாளிகளுக்குள் தகராறு. ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் போலீஸ் காவலில். ஊர் பெயர் சொல்லவில்லை. எவர் எங்கே என்றும் சொல்லவில்லை. ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போலச் சொல்லிவிட்டு மழை வருமா என்பதற்குப் போய்விட்டார்கள். அந்த வியாழக்கிழமை பிற்பகல் அண்ணி இங்கே என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ரப்பரைப் பற்றி உனக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

போலீஸுக்குப் போன் செய்தேன். "நீங்க யாரும்மா, எந்தப் பக்கம்?" என்று கேட்டான். தங்கச்சி என்றேன். சிரித்தான்.

டர்ஹமில் எத்தனையோ சுரங்க ஊர்கள் இருக்கின்றன. அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை முதல் ரயிலிலேயே நான் வருகிறேன். வேலை போனால் போகட்டும். அதற்கு முன்னால் ஒரு வரி எழுது. நலம் என்று எழுதாதே. உன் சம்பளம், உன் சங்கம் எதையும் எழுத வேண்டாம்.

வில்ஃப் வீட்டுக் கதவை நீ தட்டினாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

மேரியன்